ஏழு நிமிஷத்துக்கு ஒரு டிகிரி!

"மச்சி, அந்த மலை ஏன்டா ஆடுது?"

திண்டிவனத்தில் இருந்து செஞ்சி போகிற ரோடு. மதியம் 1.40. கத்திரி வெயில். எங்களுக்கு முன்னால் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்த நண்பன் திரும்பிப் பார்க்காமல் இப்படிக் கேட்டதும், நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். சும்மா இல்லை, ஹேண்டில்பார் மேல் கவிழ்ந்து சிரித்தோம். அவன் எப்பவுமே மொக்கை போடுற பார்ட்டி. க்ளாஸில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போதே நாலு பேரைச் சிரிக்க வைப்பான். இதுவும் அப்படி ஒண்ணுதான்னு நினைச்சுட்டோம்.

மலை ஆடலை பாஸ். ஆடினது அவன்.

முதல்லேர்ந்து சொல்றேன். நான் எர்ணாவூர் பையன். சென்னையின் வடக்கு ஓரம். ஒரு பக்கம் கடல், கடலுக்கு அரணா கருங்கல் குவியல், இன்னொரு பக்கம் ரயில் பாதை, அதைத் தாண்டி மணலி ஃபாக்டரிகளின் புகைபோக்கிகள். நடுவில் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு. எக்ஸ்பிரஸ்னு பேரே தவிர, துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும்போது அந்த ரோட்டில் வேகமா போகிற ஒரே வாகனம் சைக்கிள்தான். லாரிக்கும் லாரிக்கும் நடுவில் புகுந்து போகிற கலை எங்க ஏரியா பசங்களுக்கு நடக்கப் பழகும்போதே வந்துடும். எங்க அப்பா மணலியில் கான்ட்ராக்ட் ஃபிட்டர். இருபது வருஷத்துக்கும் மேலா சைக்கிளில்தான் ஷிஃப்டுக்குப் போய் வர்றார். கேரியரில் டிபன் பாக்ஸ், கழுத்தில் ஈரத் துண்டு. அவர் அதை 'சைக்கிளிங்'னு ஒரு நாளும் சொன்னதில்லை.

நான் சொன்னேன். அங்கேதான் பிரச்னை ஆரம்பம்.

போன மார்ச் மாசம், இன்டர்னல் டெஸ்ட்டுக்குப் படிக்கிறோம்னு நண்பன் வீட்டு மாடியில் கூடினோம். படிக்காம ஒரு வீடியோ பார்த்தோம். ஆஸ்திரேலியா. செம்மண் ரோடு. சிவப்புப் புழுதியில் முகம் தெரியாத அளவுக்கு மூழ்கின ஆளுங்க, மவுன்டன் பைக்கில் பறந்துக்கிட்டு இருந்தாங்க. அதோட பேரு 'க்ரோகடைல் ட்ரோஃபி'. முதலைக் கோப்பை! பேரைக் கேட்டதுமே நிமிர்ந்து உட்கார்ந்துட்டோம்.

1995-ல் ஆரம்பிச்ச ரேஸ் அது. குயின்ஸ்லாந்து மாநிலத்தின் வடகோடியில், ஊரே இல்லாத காட்டுக்குள், ஒரு வாரத்துக்கும் மேல, தினமும் ஒரு ஸ்டேஜ். பல வருஷங்களில் மொத்த தூரம் ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டியிருக்கு. சில வருஷங்களில் கெய்ன்ஸ் பக்கம் கிளம்பி குக்டவுன் என்கிற கடலோர ஊரில் முடிஞ்சிருக்கு. வெயில் 40 டிகிரியைத் தொடும். ரோடுனு சொல்றதே தப்பு. தகரக் கூரை மாதிரி வரி வரியா எழும்பின மண் பாதை, முழங்கை வரைக்கும் அதிரும். நடு நடுவில் மாவு மாதிரி புழுதிக் குழி. சக்கரம் அதுக்குள்ள போச்சுன்னா ஆள் தனியா, வண்டி தனியா. ராத்திரி கூடாரத்தில் தூக்கம். காலையில் மறுபடியும் அதே.

இதைக் கண்டுபிடிச்ச ஆளோட கதை ரேஸைவிட சுவாரஸ்யம். பேரு கெர்ஹார்ட் ஷோன்பாகர். ஆஸ்திரியாக்காரர். உலகத்தின் பெரிய சைக்கிள் ரேஸான டூர் தெ ஃப்ரான்ஸில் 1979-ம் வருஷம் கடைசி இடம் பிடிச்சவர். 'கடைசி'தானேனு நினைக்காதீங்க. பாரீஸில் முடிகிற கோட்டுக்குக் கொஞ்ச தூரம் முன்னாடி சைக்கிளை விட்டு இறங்கி, ரோட்டுக்கு முத்தம் கொடுத்தார். கேமராக்கள் எல்லாம் ஜெயிச்சவரை விட்டுட்டு இவரைச் சுற்றின. ரேஸ் நடத்தினவங்களுக்குக் கோபம். அடுத்த வருஷம், குறிப்பிட்ட ஸ்டேஜ்களுக்கு அப்புறம் மொத்த வரிசையில் கடைசியா இருக்கிறவரை வெளியேத்துறதுனு ஒரு விதியே கொண்டு வந்தாங்க. மனுஷன் கணக்குப் போட்டு, அந்த விதியில் சிக்காமல் ஓட்டி, 1980-லும் கடைசி இடத்தை வாங்கிட்டார்! இப்படிப்பட்ட ஒருத்தர் ஒரு ரேஸ் ஆரம்பிச்சா அது எப்படி இருக்கும்?

"நாமளும் ஒரு ஸ்டேஜ் ரேஸ் நடத்தலாம்டா"னு நண்பன் சொன்னான். பாஸ்போர்ட்டே இல்லாத மூணு பேர் ஆஸ்திரேலியாவுக்கு எங்கே போறது? ஆனா வெயில்? அது நம்ம ஊரிலேயே ஃப்ரீயா கிடைக்குது. சென்னையில் 2003 மே 31-ம் தேதி 45 டிகிரி அடிச்சிருக்கு. எந்த முதலைக்குக் குறைச்சல்?

மேப்பை விரிச்சோம். மூணு நாள், மூணு ஸ்டேஜ். முதல் நாள் எர்ணாவூரில் இருந்து ஈ.சி.ஆர். வழியா புதுச்சேரி, சுமார் 170 கிலோமீட்டர். ரெண்டாம் நாள் புதுச்சேரி - திண்டிவனம் - செஞ்சி. தார் ரோட்டில் போனா 65-தான், ஆனா 'மவுன்டன் பைக்' ஆச்சே, ஏரிக்கரை, மண் ரோடுனு சுத்தி 90. மூணாம் நாள் செஞ்சியில் இருந்து வீடு. மூணு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு நிஜமான மவுன்டன் பைக். அது என்னுது, செகண்ட் ஹேண்ட், 6,500 ரூபாய், பாதி அப்பா காசு. நண்பனோடது கியர் இருக்கும், ஆனா மூணு கியர்தான் விழும். மூணாவது ஆள் வெச்சிருந்தது ப்ளஸ் ஒன்னில் கவர்மென்ட் கொடுத்த இலவச சைக்கிள். சொன்னா நம்ப மாட்டீங்க, மூணு வண்டியில் ஒரு தடவைகூட மக்கர் பண்ணாதது அதுதான்.

செமஸ்டர் முடிஞ்ச நாலாம் நாள், மே மாசம் நடுவில் கிளம்பினோம். அப்பா ஒண்ணும் சொல்லலை. வாசலில் நின்னு என் சக்கரத்தை அழுத்திப் பார்த்துட்டு, "வெயில்ல போறப்போ பேச்சு கொழற்ற மாதிரி இருந்தா நிறுத்திடு. அப்புறம் பார்த்துக்கலாம்னு மட்டும் மிதிக்காத"னு சொன்னார். நானும் "சரிப்பா"ன்னேன். காதில் வாங்கினேனா? இல்லை.

முதல் நாளைப் பத்தி பெரிசா எழுத ஒண்ணுமில்லை. விடியக்காலை நாலரைக்கு ராயபுரம் தாண்டினோம், மாமல்லபுரத்தில் இட்லி, மரக்காணம் உப்பளத்துப் பக்கம் கண் கூசிச்சு. கடல் காத்து கூடவே வந்தது. சாயங்காலம் புதுச்சேரியில் கால் வலிச்சதே தவிர, ஆளுக்கு ஏழு புரோட்டா உள்ளே போச்சு. 'இவ்ளோதானா வெயிலு?'னு திமிரா ஒரு போட்டோ வேற.

ரெண்டாம் நாள்தான் ஆட்டம். கிளம்பவே எட்டு ஆயிடுச்சு. கடலை விட்டு உள்ளே திரும்பினதும் காத்து மாறிடுச்சு. நமக்குச் சென்னையில் மதியத்துக்கு முன்னாடியோ பின்னாடியோ கடல் காத்து வந்து காப்பாத்தும். செஞ்சிப் பக்கம் அந்தக் கருணை எல்லாம் கிடையாது. ரெண்டு பக்கமும் பாறை பாறையா குன்றுகள். காலையில் இருந்து சூட்டைக் குடிச்சுட்டு மதியம் நம்ம மேல துப்புது. முகத்தில் அடிக்கிற காத்தே அடுப்பு வாயில் இருந்து வர்ற மாதிரி இருந்தது. 12 மணிக்குப் போனில் 40 டிகிரினு காட்டிச்சு. "இன்னும் இருபது கிலோமீட்டர்தான்டா"னு நான்தான் சொன்னேன். எழுதி வெச்சுக்கோங்க, நான்தான் சொன்னேன்.

இங்கே கொஞ்சம் இன்ஜினீயரிங். பயப்படாதீங்க. தெர்மோடைனமிக்ஸில் அரியர் வெச்சவன் நான், எனக்கே புரியுதுன்னா உங்களுக்கும் புரியும். நம்ம உடம்பு ஒரு மட்டமான இன்ஜின். நூறு பங்கு சக்தி எரிச்சா இருபது, இருபத்தஞ்சு பங்குதான் பெடலுக்குப் போகும். மிச்சம் எல்லாம் சூடு. சுமாரான வேகத்தில் பெடலில் 150 வாட் கொடுக்கிற ஆள், உடம்புக்குள்ளே 500 வாட்டுக்கு மேல சூடு தயாரிக்கிறார். அயர்ன் பாக்ஸை வயித்துக்குள்ள வெச்சுக்கிட்டு ஓட்டுற மாதிரி. 60 கிலோ ஆளுக்கு அந்தச் சூடு வெளியே போகாம உள்ளேயே தங்கினா, ஏறக்குறைய ஏழு நிமிஷத்துக்கு ஒரு டிகிரி ஏறும். 37-ல் கிளம்பினவர் இருபது நிமிஷத்தில் 40.

ஏன் ஏறுறதில்லை? வியர்வை. தோல் மேல ஒரு லிட்டர் வியர்வை ஆவியானா சுமார் 2,400 கிலோஜூல் சூட்டைத் தூக்கிட்டுப் போகும். நம்ம கணக்குக்கு மணிக்கு முக்கால் லிட்டருக்கு மேல ஆவியாகணும். அது உடம்பு உண்டாக்குற சூட்டுக்கு மட்டும். மேலே வெயில், கீழே தார் ரோடு, அது தனி பில். இதில் ஒரு வில்லங்கம் இருக்கு. 'ஆவியாகணும்'. கீழே சொட்டினா பிரயோஜனம் இல்லை. எர்ணாவூரில் கடலோரப் புழுக்கத்தில் சட்டையைப் பிழிஞ்சா தண்ணி வருதே, அதெல்லாம் வீண் செலவு. 33 டிகிரியே நம்மளை அடிச்சுப் போடுறது அதனாலதான். செஞ்சி மாதிரி வறண்ட இடத்தில் வியர்வை வந்ததே தெரியாம ஆவியாகும். 'எனக்கு வேர்க்கவே இல்லையே, ஜாலியா இருக்கே'னு தோணும். ஆனா உள்ளே டேங்க் காலி ஆகிட்டு இருக்கும். அப்புறம் காத்து. தோலோட சூடு 35 டிகிரி சுமார். காத்து அதுக்கும் மேல போச்சுன்னா, வேகமா ஓட்டினாலும் காத்து நம்மளைச் சுட வைக்கும். ஆற வைக்காது. 'வேகமா போனா ஜில்லுனு இருக்கும்'கிற நம்ம பைக் லாஜிக் அங்கே தலைகீழ்.

டேங்க் காலியானா ரத்தம் குறையும். தோலுக்கு அனுப்புறதா, தொடைக்கு அனுப்புறதா, மூளைக்கு அனுப்புறதானு இதயம் திண்டாடும். உடம்புக்குள்ளே 40 தாண்டும்போது முதல்ல குழம்புறது மூளை. அந்த ஆளுக்கே தெரியாது. அவர் பேச்சில்தான் தெரியும்.

"மச்சி, அந்த மலை ஏன்டா ஆடுது?"

அடுத்து அவன் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். என் பேரை இல்லை, அவன் தம்பி பேரை. குரல், வாயில் வெத்தலை போட்ட மாதிரி வந்தது. சைக்கிள் ரோட்டை விட்டு மெதுவா இறங்கி முள்ளுச் செடிக்குள்ள போய் நின்னது. பெடலில் இருந்து காலை எடுக்கக்கூட அவனுக்குத் தோணலை. அப்படியே சாய்ஞ்சான். அப்பதான் அப்பா சொன்னது காதில் விழுந்தது. ஒண்ணரை நாள் லேட்டா.

தொட்டா உடம்பு கொதிக்குது. தண்ணி பாட்டிலை வாயில் வெச்சேன், கடைவாய் வழியா ஒழுகிச்சு. மூணாவது ஆள் 108-க்குப் போன் அடிச்சான். புளியமரத்து நிழலுக்கு இழுத்துட்டு வந்தோம். அதுக்கு மேல என்ன பண்றதுனு ரெண்டு இன்ஜினீயரிங் மூளைக்கும் தெரியலை. நான் அழுதுட்டேன். எழுதறதுக்குக் கூச்சமா இல்லை.

பக்கத்து நிலத்தில் இருந்து ஒரு பெரியவர் ஓடி வந்தார். தொட்டுப் பார்த்தார். "வாயில தண்ணி ஊத்தாதீங்கடா, மூச்சுல ஏறிடும். தூக்குங்க, தொட்டில போடுங்க!"ன்னார். பம்ப்செட் தொட்டி. மோட்டாரைத் தட்டி விட்டார். கிணத்துத் தண்ணி, மே மாசத்திலேயும் ஜில்லுனு. ரெண்டு பேரும் அவன் அக்குளைப் பிடிச்சு, தலை மேலே இருக்கிற மாதிரி தாங்கி, கழுத்து வரைக்கும் முக்கி வெச்சோம். பெரியவர் குழாய்த் தண்ணியைத் தலையில் விட்டுக்கிட்டே இருந்தார். எவ்வளவு நேரம்? பத்து நிமிஷமோ, பதினஞ்சோ. எனக்கு ஒரு செமஸ்டர் மாதிரி இருந்தது. அப்புறம் அவன் நடுங்க ஆரம்பிச்சான். கண்ணைத் திறந்து, "யார்றா என்னைக் குளிப்பாட்டுறது?"ன்னான். ஆம்புலன்ஸ் சத்தம் அப்பதான் கேட்டுச்சு.

ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வெச்சிருந்தாங்க. டாக்டர் எங்களைத் திட்டி முடிச்சுட்டு ஒண்ணு சொன்னார். வெயிலில் உழைச்சு இந்த மாதிரி விழுகிறவங்களுக்கு முதல் அரை மணி நேரம்தான் உயிர். முதல்ல ஆற வை, அப்புறம் தூக்கிட்டு வா. ஈரத் துணி, விசிறி எல்லாம் பரவாயில்லை ரகம்தான். கழுத்து வரைக்கும் குளிர்ந்த தண்ணியில் முக்குறதுக்கு ஈடு எதுவும் இல்லை. பெரிய மாரத்தான் போட்டிகளில் ஃபினிஷ் லைன் பக்கத்தில் ஐஸ் தொட்டி வெச்சிருப்பாங்களாம். எங்களுக்குக் கிடைச்சது பம்ப்செட். பெரியவருக்கு இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தாங்கனு தெரியலை. அவர் பேரைக்கூட நாங்க கேட்கலை பாருங்க.

அப்புறம்தான் ஒரு உண்மை வந்தது. கிளம்புறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி வரைக்கும் நண்பனுக்கு ஜுரம். சொன்னா ட்ரிப் கேன்சல் ஆயிடும்னு மாத்திரை போட்டு மறைச்சிருக்கான். தவிர, மூணு வாரமா எக்ஸாம்னு ஃபேனுக்கு அடியிலேயே இருந்தவன். வெயிலுக்கு உடம்பு பழக பத்து, பதினாலு நாள் ஆகும். தினமும் கொஞ்சம் கொஞ்சமா வெயிலில் உழைச்சா, ரத்தத்தில் தண்ணி அளவு கூடும், வியர்வை சீக்கிரமா வர ஆரம்பிக்கும், அதில் போகிற உப்பு குறையும். என் உடம்பு நான் கேட்காமலேயே பழகியிருந்தது, தினமும் மதியம் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு போனதில். முதலை ரேஸுக்கு ஐரோப்பாவில் இருந்து போகிறவங்களுக்கும் இதே கதைதான். அது வழக்கமா நடந்தது அக்டோபரில். அவங்க ஊரில் இலை உதிர்கிற குளிர், இறங்கினதும் 40 டிகிரி. ஆனா அங்கே வழியில் தண்ணி நிலையம் இருக்கும், டாக்டர் இருப்பார், பின்னாடி வண்டி வரும். அவ்வளவு இருந்தும் வெயில் சும்மா விடாது. மொராக்கோ பாலைவனத்தில் 2006-ல் இருந்து நடக்கிற டைட்டன் டெசர்ட் ரேஸில் 2019-ம் வருஷம் ஒரு ஸ்பெயின் வீரர் இறந்தே போனார். எங்க பின்னாடி என்ன வந்தது? ஒரு மண் லாரி.

இன்னொரு விஷயம், தண்ணி மட்டும் குடிச்சாப் போதாது. ஒரு லிட்டர் வியர்வையில் ஏறக்குறைய ஒரு கிராம் சோடியம் போகும், ஆளுக்கு ஆள் மாறும். வெறும் தண்ணியா லிட்டர் லிட்டரா ஊத்தினா ரத்தத்தில் இருக்கிற உப்பு நீர்த்துப் போய் அதுவே ஆளைச் சாய்க்கும். மெடிக்கல் ஷாப் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், கூடவே பொட்டாசியம், சிட்ரேட். அப்பா டிபன் பாக்ஸ் பக்கத்தில் தினமும் ஒரு பாட்டில் போகும், நீர்மோர், கல் உப்பு போட்டது. அதை எத்தனை தடவை கிண்டல் பண்ணியிருக்கேன்!

மூணாவது ஸ்டேஜை டெம்போவில் முடிச்சோம். மூணு சைக்கிளும் மேலே, நாங்க அதுக்கு நடுவில். வீட்டு வாசலில் நண்பனோட அம்மா நின்னாங்க. அவனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாங்க. என்னைப் பார்க்கவே இல்லை. சின்ன வயசில் இருந்து அந்த வீட்டில் சாப்பிட்டவன் நான். அன்னிக்கு "உள்ள வா"னு ஒரு வார்த்தை இல்லை. ரெண்டு மாசம் அந்தத் தெரு வழியா நான் போகலை, சுத்திப் போனேன்.

முறையா ஓட்டணும்னா வழி இருக்குனு அப்புறம்தான் விசாரிச்சோம். சென்னையிலேயே 'ப்ரெவே' ஓட்டுறாங்க. ரேஸ் இல்லை, குறிச்ச நேரத்துக்குள்ள முடிக்கணும். 200 கிலோமீட்டருக்கு பதிமூணரை மணி நேரம், 300-க்கு 20, 400-க்கு 27, 600-க்கு 40. ஹெல்மெட், லைட் இல்லாம கிளம்பவே விட மாட்டாங்க. நீலகிரியில் 2008-ல் இருந்து 'டூர் ஆஃப் நீல்கிரிஸ்' வந்திருக்கு. பல நாள், மூணு மாநிலம், மசினகுடியில் இருந்து ஊட்டிக்கு ஏறுகிற கல்லட்டியில் 36 கொண்டை ஊசி வளைவு. டிசம்பரில் நடத்துறாங்கனா காரணம் இல்லாமலா? நிஜ மவுன்டன் பைக் ஸ்டேஜ் ரேஸ் பார்க்கணும்னா இமாச்சலம் போகணும். 'எம்.டி.பி. ஹிமாலயா' 2005-ல் ஆரம்பிச்சது. இதுக்கெல்லாம் ஆகிற செலவைக் கேட்டுட்டு மூணு பேரும் கொஞ்ச நேரம் பேசலை. ஒரு ப்ரெவேதான் நம்ம பட்ஜெட்.

அப்பாகிட்ட ஒரு நாள் கேட்டேன், "பேச்சு கொழறினா நிறுத்தணும்னு உனக்கு எப்படிப்பா தெரியும்?" கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். கூட வேலை பார்த்த ஒருத்தர், ஷிஃப்ட் முடிஞ்சு மே மாசத்து மதியத்தில் சைக்கிளில் வந்துக்கிட்டு இருந்தாராம். வழி முழுக்க ஏதோ சம்பந்தம் இல்லாம பேசிட்டே வந்தாராம். "தண்ணி போட்டிருக்கான்னு நெனச்சோம்"னார். அதுக்கு மேல அவர் சொல்லலை. நானும் கேட்கலை. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் மதிய ஷிஃப்டுக்குப் போகிற சைக்கிள்களை இப்ப எண்ணிப் பார்க்கிறேன். அவங்க பின்னாடியும் டாக்டர் வண்டி எதுவும் வர்றதில்லை.

போன வாரம் நண்பன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மாதான் கதவைத் திறந்தாங்க. டிசம்பரில் ஒரு 200 கிலோமீட்டர் ப்ரெவேக்குப் பேர் கொடுக்கலாம்னு இருக்கோம்னு இழுத்தேன். ரெண்டு நிமிஷம் என்னைப் பார்த்துக்கிட்டே இருந்தாங்க.

"எத்தனை மணிக்குக் கிளம்புறீங்க?"

"விடியக்காலையிலம்மா."

"ஜுரம் இருக்கான்னு நான் தொட்டுப் பார்த்துட்டுத்தான் அனுப்புவேன். ரெண்டு பேருக்கும். உள்ள வா, சாப்ட்டியா?"